புற்றுநோயும் பரம்பரையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு வீட்டிற் கலியாணப் பேச்சு எழுமாயின், சாதகம் பார்ப்பதற்கு முன்னரே இரு பகுதியாரும் ஒன்றை விசாரித்தறிவது நெடுநாளைய வழக்கம். குடும்பத்தில் ஓடிவரும் நோய் ஏதேனும் உண்டோ என்பதே அவ்விசாரணை. ஈளை, வலிப்பு, சித்தப்பிரமை என்று எண்ணிக்கொண்டு வருவோர், புற்று என்னும் சொல்லுக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வர். இதனால், புற்றுநோய் கண்ட வீட்டார் அதனை அயலறியச் சொல்லார். வீட்டிற் குமர்ப்பிள்ளைகள் இருப்பின் மறைப்பு இன்னும் இறுகும். கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண்ணோடு, மகளின் தாலிகட்டு முடியட்டும் என்று சேலைத்தலைப்பால் வாயை மூடிக்கொண்டு காத்திருந்த தாய்மார் உளர். வைத்தியசாலைக்கு அவர்கள் வந்து சேரும்போது, எளிதில் வெட்டி நீக்கியிருக்கத்தக்க புண், கழுத்துக் கழலைகளிலும் வேரோடியிருக்கும்.

இந்தக் காத்திருப்புக்குக் காரணம் ஓர் எண்ணம். புற்றுநோய் இரத்தத்தில் வருவது, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்குவது என்பதே அவ்வெண்ணம். அது எவ்வளவு மெய், எவ்வளவு பொய் என்பதை ஏறக்குறைய 250 ஆண்டுகளாக அறிஞர் பலர் ஆராய்ந்து வந்துள்ளனர். அவ்வாராய்ச்சி வரலாற்றின் ஒரு பகுதி யாழ்ப்பாணத்தார் தம் செம்மண் தோட்டங்களோடு தொடர்புடையது.

நோயின் பெயரை முதலில் நோக்கலாம். வெளியே சிறிய மேடாகத் தோன்றி, நிலத்தின் கீழே கண்காணாமற் கிளைவிட்டுச் செல்லும் கறையான் புற்றைக் கண்ட தமிழர், அதன் பெயரையே இந்நோய்க்கு இட்டனர். கட்டியைச் சுற்றிப் புடைத்து நிற்கும் நாளங்களைக் கண்ட கிரேக்க வைத்தியர், அவற்றை நண்டின் கால்களுக்கு ஒப்பிட்டு நண்டு என்றனர். இரு பெயரும் நோயின் தோற்றத்தைச் சொல்வன. காரணத்தைச் சொல்வன அல்ல. காரணம் புலப்படுவதற்குக் கலங்களைப் பற்றிய அறிவு வேண்டியிருந்தது.

மனித உடம்பு கோடானுகோடி கலங்களால் ஆயது. தமிழ்நாட்டார் இவற்றைச் செல் என்பர். கலத்தின் கருவில் 46 நிறமூர்த்தங்கள் உள. அவற்றுள் 23 தந்தையிடமிருந்தும் 23 தாயிடமிருந்தும் வந்தவை. ஏறக்குறைய 20,000 பரம்பரை அலகுகள் இந்நிறமூர்த்தங்களில் அடங்கியுள்ளன. மரபணு என்று தமிழ்நாட்டிலே வழங்குவதும் இதுவே. எந்தக் கலம் எப்பொழுது வளரவேண்டும், எப்பொழுது பிரிந்து இரண்டாகவேண்டும், எப்பொழுது நிற்கவேண்டும், எப்பொழுது மடியவேண்டும் என்னும் கட்டளைகள் யாவும் அவற்றிலேயே எழுதப்பட்டுள்ளன.

ஒரு கலம் இரண்டாகப் பிரியுமுன், தன்னிடமுள்ள எழுத்து முழுவதையும் பிரதி செய்துகொள்கின்றது. இதனைப் பழைய ஏட்டுச்சுவடிகளைப் பிரதி பண்ணிய முறையோடு ஒப்பிட்டுக் காணலாம். எழுதுவோன் கை தவறினால் ஓர் எழுத்து மாறும். அந்த ஏட்டைப் பார்த்து எழுதிய ஏடுகளிலெல்லாம் அப்பிழை தொடரும். சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பிழை களைந்தது போல, கலத்தினுள்ளும் பிழை திருத்தும் அலகுகள் சில உள. அவற்றையும் மீறி நிலைத்துவிடும் பிழையே விகாரம் எனப்படுவது.

பெரும்பாலான விகாரங்களால் தீங்கில்லை. ஆயின், வளர்ச்சியைத் தூண்டும் அலகில் பிழை நேருமாயின் அது ஓயாது தூண்டிக்கொண்டே இருத்தல் கூடும். வளர்ச்சியைத் தடுக்கும் அலகில் பிழை நேருமாயின் தடை நீங்கிவிடும். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும்போது, இறைப்பவன் நிறுத்தாமல் இறைக்க, பாத்தி கட்டுபவனும் மடையை அடைக்காமல் விட்டால் பயிருக்கு என்ன நேருமோ அதுவே உடம்பிலும் நேர்கின்றது. பிழை திருத்தும் அலகே கெட்டுப்போமாயின் பிழைகள் மேன்மேலும் பெருகும். இத்தகைய விகாரங்கள் ஒரே கலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதற்குப் பல ஆண்டுகள் செல்லும். புற்றுநோய் முதுமையில் மிகுந்து காணப்படுவதற்கு இதுவே தலையான காரணம்.

ஆகவே, எல்லாப் புற்றுநோயும் பரம்பரை அலகுகளிலே உண்டாகும் கோளாறே. ஆயின், எல்லாப் புற்றுநோயும் பரம்பரையாக வருவது அன்று. இவ்விரு கூற்றும் முரண்போலத் தோன்றினும் முரண் அல்ல. தாய் தந்தையர் பிள்ளைக்குக் கொடுக்கும் மூல ஏட்டிலேயே பிழை இருப்பது ஒன்று. பிள்ளை பிறந்து வளர்ந்து, பிற்காலத்தில் அதன் கன்னத்திலோ நுரையீரலிலோ உள்ள ஒரு கலம் பிரதி செய்யும்போது பிழை புகுவது மற்றொன்று. முன்னையது சந்ததிக்குச் செல்லக்கூடும். பின்னையது அந்த உடம்போடு முடிந்துவிடும்.

பின்னைய வகை இருத்தலை முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர் இலண்டன் மாநகரத்துச் சத்திரவைத்தியர் பேர்சிவல் பொட் என்பவர். 1775ஆம் ஆண்டில், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளருக்கு விரைப்பையின் தோலிற் புற்றுநோய் வருதலை அவர் எடுத்துக் காட்டினார். சிறுவராயிருந்த காலத்தில் ஒடுங்கிய புகைபோக்கிகளினுள் ஏறி இறங்கியவர் அவர்கள். தோலின் மடிப்புகளிற் படிந்த புகைக்கரி, பல ஆண்டுகளின் பின் நோயை விளைத்தது. அவர்களை இணைத்தது குருதி உறவு அன்று, தொழிலே. 1915ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர்களான யமகிவா, இச்சிகாவா என்னும் இருவரும் முயல்களின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்கில் இடைவிடாது பூசிப் புற்றை உண்டாக்கிக் காட்டினர். புறத்தேயுள்ள பொருள் புற்றை விளைக்கும் என்பது இதனாற் கண்கூடாயிற்று.

யாழ்ப்பாணத்தோடு தொடர்புடைய பகுதி இனி வருவது. வெற்றிலையும் பாக்கும் தமிழ் மக்களிடையே தொன்றுதொட்டு வழங்கி வருவன. புகையிலை அத்தகையது அன்று. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அது, போர்த்துக்கேயரின் கப்பல்கள் கீழைத்தேயங்களுக்கு வந்த பின்னரே இப்பகுதிகளிற் பரவியது. 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காலத்திலும், அவர்க்குப் பின் வந்த ஆங்கிலேயர் காலத்திலும், குடாநாட்டின் ஏற்றுமதிப் பொருள்களிற் புகையிலை தலைசிறந்து விளங்கியது. கிணற்று நீர் இறைத்துச் செம்மண்ணில் வளர்த்து, பாடமிட்டுச் சிப்பம் கட்டிய புகையிலை, தோணிகளிலேறித் திருவிதாங்கூருக்குச் சென்றது. திருவிதாங்கூர் அரசு அவ்வாணிகத்தைத் தன் தனியுரிமையாகக் கொண்டிருந்தது. குடாநாட்டிற் பல கல்வீடுகள் எழுந்ததும், பல பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றதும் அந்தப் பணத்தினாலேயாம். மலையாளப் புகையிலை என்னும் பெயர் அவ்வாணிகத்தின் நினைவாக யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வழங்கியது.

அத்திருவிதாங்கூரின் தென்பகுதியில் நெய்யூர் என்னும் ஊர் உண்டு. இன்று அது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கு இலண்டன் மிசன் நடத்திய வைத்தியசாலையிற் பணிபுரிந்த வைத்தியர் பெந்தல் என்பவர், திருவிதாங்கூரில் தாம் கண்ட 1,700 புற்றுநோயாளரைப் பற்றிய தொகுப்பை 1908ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார். வாயில் வரும் புற்று அங்கே மிகுந்திருத்தலை அத்தொகுப்பு உலகுக்கு உணர்த்தியது. அதே ஊர்ப் பணியாளரான வைத்தியர் ஓர் என்பவர், வெற்றிலை போடுவோருக்கு உண்டாகும் வாய்ப்புற்றை ஆராய்ந்து 1933ஆம் ஆண்டிற் கட்டுரை எழுதினார். எந்தத் தோட்டத்துப் புகையிலை எந்த வாயைப் புண்ணாக்கியது என்று இன்று பிரித்துச் சொல்லல் இயலாது. யாழ்ப்பாணத்து வீடுகளிலும் அதே வெற்றிலைத் தட்டம் இருந்தது. அதே புகையிலைத் துண்டு அதே கன்னத்தில் ஒதுக்கப்பட்டது. தட்டம் ஒன்றாயிருந்தமையின் நோயும் ஒன்றாயிற்று. இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்று பல்லாண்டுகளாக முன்னணியில் நிற்பது இதனாலேயே.

வெற்றிலைத் தட்டம் புற்றை விளைக்கும் முறையும் தெளிவாகியுள்ளது. பச்சைப் புகையிலையைப் பாடமிடும்போது நைத்திரோசமைன் என்னும் வகையைச் சேர்ந்த இரசாயனப் பொருள்கள் அதில் உண்டாகின்றன. அவை கன்னத்துக் கலங்களிற் புகுந்து, பரம்பரை அலகின் எழுத்துகளைச் சிதைக்கின்றன. சுண்ணாம்பு வாயின் மென்தோலைப் புண்படுத்தி வழிதிறந்து விடுகின்றது. பாக்கும் குற்றமற்றதன்று. பாக்கை ஓயாது மெல்லுவோரின் கன்னத்தின் உட்பகுதி நார்போல இறுகி, வாயைத் திறக்க இயலாது போதலை 1953ஆம் ஆண்டில் பம்பாய் வைத்தியர் யோசி விளக்கினார். அந்நிலை சிலருக்குப் பின்னர்ப் புற்றாக மாறும். பிரான்சிலுள்ள அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம், புகையிலையோடு கூடிய வெற்றிலை புற்றை விளைப்பது என்று 1985ஆம் ஆண்டிலும், புகையிலையில்லாத வெற்றிலைப் பாக்கும் அத்தகையதே என்று 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலும் உறுதி கூறியது.

இதிற் கருதவேண்டியது ஒன்று. கன்னத்துக் கலத்தில் நேர்ந்த சிதைவு, கருவை உண்டாக்கும் கலத்துக்குச் செல்வதில்லை. வெற்றிலை போட்டு வாய்ப்புற்றுக் கண்ட பாட்டியின் பேத்திக்கு அந்த விகாரம் குருதிவழி இறங்குவதில்லை. பாட்டிக்கும், அவள் மகனுக்கும், மகனின் மகனுக்கும் ஒரே நோய் வந்த வீடுகள் உண்டே எனின், உண்டு. அங்கே தலைமுறை தலைமுறையாக இறங்கியது குருதியிலுள்ள குற்றம் அன்று. பெரும்பாலும் வெற்றிலைத் தட்டமே. தமிழில் மரபு என்னும் சொல்லுக்கு வழிவழி வந்த வழக்கம் என்பதும் பொருள், குலவழி என்பதும் பொருள். இந்நோயைப் பொறுத்தவரை அவ்விரு பொருளையும் ஒன்றாகக் கொண்டமையே பெருந்தவறாயிற்று.

இவ்வாறு கூறுவதனாற் பரம்பரைப் புற்றுநோய் என்பதே இல்லை என்று கொள்ளலாகாது. அதன் வரலாறும் தனியே உண்டு. பிரான்சிய வைத்தியர் போல் புரொக்கா, தம் மனைவியின் குடும்பத்தில் நான்கு தலைமுறைப் பெண்களிடையே மார்புப் புற்று மிகுந்திருத்தலைக் கண்டு 1866ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து நோயியலறிஞர் வார்த்தின் என்பவரிடம், 1895ஆம் ஆண்டில் தையற்காரி ஒருத்தி, தன் உறவினர் பலர் குடலிலும் கருப்பையிலும் புற்று வந்து மாண்டனரென்றும், தானும் அவ்வாறே இளமையில் இறத்தல் திண்ணம் என்றும் கூறினாள். அவள் சொல்லியவாறே கருப்பைப் புற்றினால் இறந்தாள். வார்த்தின் அக்குடும்பத்தின் கிளைவழிப் படத்தை வரைந்து 1913ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிற்காலத்தில் வைத்தியர் லிஞ்சு அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். பிரதியிலுள்ள பிழையைத் திருத்தும் அலகுகளில் ஒன்று கெட்டிருத்தலே இத்தகைய குடும்பங்களின் நோய்க்குக் காரணம் என்பது 1993ஆம் ஆண்டில் வெளிப்படலாயிற்று.

பரம்பரையாக வருவதும் இடையில் வருவதும் எங்ஙனம் ஒரே வழியிற் செல்கின்றன என்பதை விளக்கியவர் அமெரிக்க அறிஞர் அல்பிரட் நட்சன். சிறு குழந்தைகளின் விழித்திரையில் ஒருவகைப் புற்று வருவதுண்டு. சில குழந்தைகளுக்கு அது மிக இளமையில் இரு கண்ணிலும் வரும்; சிலருக்குச் சற்றுப் பிந்தி ஒரு கண்ணில் மட்டும் வரும். 48 நோயாளரின் விவரங்களை ஆராய்ந்த நட்சன், 1971ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். வளர்ச்சியைத் தடுக்கும் அலகு தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக ஒவ்வொரு கலத்திலும் இரண்டு உண்டு. ஒன்று கெடினும் மற்றையது காக்கும். இரண்டும் கெட்டாலே புற்று உண்டாகும். ஒன்று கெட்டபடியே பிறந்த குழந்தைக்கு இன்னும் ஒரு தாக்குதலே போதும். இரண்டும் நன்றாயிருக்கப் பிறந்த குழந்தைக்கு ஒரே கலத்தில் இரு தாக்குதல்கள் நேரவேண்டும், அஃது அரிது. 1986ஆம் ஆண்டில் அந்த அலகே பிரித்தெடுக்கப்பட்டு அவர் கருத்து நிலைபெற்றது.

மார்புப் புற்றைப் பொறுத்தவரை, மேரி கிளயர் கிங் என்னும் அமெரிக்கப் பெண்ணறிஞர் 1990ஆம் ஆண்டில், குடும்பவழி வரும் நோய்க்குக் காரணமான அலகு ஒன்று 17ஆம் நிறமூர்த்தத்தில் உளதென்று காட்டினார். பீ.ஆர்.சீ.ஏ. ஒன்று எனப்படும் அவ்வலகு 1994ஆம் ஆண்டிலும், அதனையொத்த மற்றொன்று 1995ஆம் ஆண்டிலும் கண்டறியப்பட்டன. இவையும் பிழை திருத்தும் பணியையே செய்வன. இவற்றில் ஒன்று கெட்டிருக்கும் பெண்கள் நூற்றுவரில் ஏறக்குறைய 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்புப் புற்று வருதல் கூடும். சூலகப் புற்றும் வரலாம்.

இவ்விடத்தில் மூன்று உண்மைகளை மனத்திற் பதித்தல் வேண்டும். முதலாவது, புற்றுநோய் கண்டவர் நூற்றுவரை எடுத்துக்கொண்டால், பெற்றோரிடமிருந்து இறங்கிய வலிய விகாரத்தால் அந்நோய் அடைந்தோர் 5 பேர் முதல் 10 பேர் வரையே. இரண்டாவது, அத்தகைய விகாரத்தை உடைய பெற்றோரின் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது இறங்குதலும் இறங்காது விடுதலும் சரிபாதி. அது தந்தைவழியாகவும் இறங்கும். மார்புப் புற்றென்றால் தாய்வழியை மட்டும் விசாரிக்கும் வழக்கம் பிழையானது. மூன்றாவது, பிள்ளைக்கு இறங்குவது நோய் அன்று. நோய்க்கு இடங்கொடுக்கும் நிலையே. அதனை முன்கூட்டி அறிந்தவர், உரிய காலத்திற் பரிசோதனை செய்தும், வேண்டியவிடத்துச் சத்திரசிகிச்சை பெற்றும் தம்மைக் காத்துக்கொள்ளலாம்.

எந்தக் குடும்பத்தில் பரம்பரை விகாரம் இருத்தல் கூடும் என்று ஐயுறுவதற்குச் சில அடையாளங்கள் உள. 50 வயதுக்கு முன்னரே மார்பிலோ குடலிலோ புற்று வருதல். ஒரே வழியைச் சேர்ந்த நெருங்கிய உறவினர் பலருக்கு ஒரேவகைப் புற்று வருதல். இரு மார்பிலும் அல்லது இரு கண்ணிலும் வருதல். ஆடவர்க்கு மார்புப் புற்று வருதல் என்பன அவை. குழந்தையின் கண்மணி பூனைக்கண் போல வெண்மையாய் ஒளிருமாயின் ஒருநாளும் தாமதித்தலாகாது. இவ்வடையாளங்கள் உள்ள குடும்பத்தார் உறவினர் நோய் வரலாற்றை ஒளியாமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும். ஒளித்தால் கிளைவழிப் படத்திற் கிளைகள் குறையும். காக்கத்தக்க ஒரு மகள் காக்கப்படாமற் போவாள்.

தொற்றினால் வருவதும் ஒன்று உண்டு. கருப்பைக் கழுத்துப் புற்றுக்குக் காரணமான பாப்பிலோமா வைரசு ஒன்றை யேர்மனிய அறிஞர் சூர் ஹவுசன் 1983ஆம் ஆண்டில் அந்நோயிடத்திற் கண்டறிந்தார். 2008ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவ்வைரசுக்கு எதிரான தடுப்பூசி இலங்கைப் பாடசாலைகளில் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்கு 2017ஆம் ஆண்டு முதல் ஏற்றப்படலாயிற்று. இங்கும் தாய்க்கு வந்ததால் மகளுக்கு வரும் என்பதில்லை. தடுப்பூசி பெறும் மகளுக்கு அத்தீங்கு பெரிதும் நீங்குகின்றது.

யாழ்ப்பாணத்தார் இவ்வறிவைத் தமிழிற் பெறுதல் அரிதன்று. 1847ஆம் ஆண்டில் அமெரிக்க மிசன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவர்க்குத் தமிழிலேயே மேலைத்தேய வைத்தியம் கற்பித்தவர். மனுஷ அங்காதிபாதம் முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டவர். உடம்பின் உள்ளுறுப்புகளைப் பற்றி வெட்கமும் அச்சமும் இன்றித் தமிழிற் பேசலாம் என்பதை அம்மண்ணில் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அவர் காட்டிச் சென்றார்.

சிகிச்சை பெறுதலும் முன்போல் அரிதன்று. மகரகமையிலுள்ள புற்றுநோய் வைத்தியசாலையை நாடியே குடாநாட்டு நோயாளர் பலர் நெடுங்காலம் செல்லவேண்டியிருந்தது. போர் நடந்த ஆண்டுகளில் அப்பயணமே பலருக்குக் கைகூடவில்லை. போர் முடிந்த பின், 2011ஆம் ஆண்டில், தென்கோடியாகிய தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியாகிய பருத்தித்துறை வரை பல்லாயிரவர் நடந்து நிதி திரட்டினர். அந்நிதியைக் கொண்டு தெல்லிப்பழையில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை 2013ஆம் ஆண்டிற் திறக்கப்பட்டது. தென்னிலங்கையார் பலரும் நடந்து சேர்த்த பொருளால் வடபுலத்தார் நோய்தீர்க்கும் இடம் எழுந்தமை நினைவிற்கொள்ளத்தக்கது.

பழைய திருவிதாங்கூரின் தலைநகரமாகிய திருவனந்தபுரத்திலிருந்தும் ஒரு நற்செய்தி வந்துள்ளது. அம்மாவட்டத்தில் 1996ஆம் ஆண்டு முதல், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயை வெளிச்சத்திற் பார்த்துச் சோதித்தனர். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவரிடையே, சோதிக்கப்பட்ட பகுதிகளில் வாய்ப்புற்றால் இறந்தோர் தொகை ஏறக்குறைய மூன்றிலொன்று குறைந்திருந்தது. அச்சோதனைக்கு வேண்டியவை பயின்ற கண்ணும் நல்ல வெளிச்சமுமே. வெள்ளைத் திட்டு, செந்நிறத் திட்டு, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண், வாய் திறக்க இயலாமை என்பவற்றைக் காலத்திற் கண்டவர் பிழைத்தனர்.

யாழ்ப்பாணத் தோணிகள் புகையிலையை அக்கரைக்குக் கொண்டு சென்றன. அதன் தீமையை முதலில் ஆராய்ந்ததும், அதினின்று தப்பும் வழியை அளந்து காட்டியதும் அக்கரையே. இக்கரையார் அதனை ஏற்றுக்கொள்வதற்குத் தடையாக நிற்பது அறியாமை மட்டுமன்று, வெட்கமும் ஆகும். கலியாணப் பேச்சில் நோயை விசாரிப்பது தவறில்லை. பெண்ணின் பாட்டிக்கு வாய்ப்புற்று இருந்தது என்று கேள்வியுற்றுச் சம்பந்தத்தை முறிப்பவர், தம் வீட்டுத் திண்ணையிலே வெற்றிலைத் தட்டத்தோடு அமர்ந்திருப்பாராயின், அஞ்சவேண்டியது எதற்கு என்பதை அவர் அறியவில்லை. அந்தத் தட்டத்தை ஒதுக்கி, வீட்டிலுள்ள முதியோரின் வாயை ஒருமுறை வெளிச்சத்திற் பார்த்து, ஐயம் தோன்றின் அன்றைக்கே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுதல் பிள்ளைகளின் கடன். தாலிகட்டு முடியும்வரை அப்புண் காத்திராது.